கடுகு பாட்டிலில் வந்தவை

எனக்கு ஐம்பது நிறைந்தபோது
டிராம் பணிமனையில் யாரும் பூங்கொத்து தரவில்லை.
பிப்ரவரியில் ரீகாவில் ரோஜா வாங்க
பயணச்சீட்டுப் பரிசோதகர் சம்பளம் போதாது.
ஆளுக்கொரு சிட்டிகை, வீட்டில் மிஞ்சிய விதைகளைக்
கழுவிய கடுகு பாட்டிலில் கொட்டி
கழுத்தில் ரிப்பன் கட்டியிருந்தார்கள்.
"எண்ணிப் பார்த்துவிட்டோம், ஒற்றைப்படைதான்" என்றாள் ஜின்ட்ரா.
இரட்டைப்படையில் பூ கொடுப்பது
இங்கே இறந்தவர்களுக்கு.

யார் எதைப் போட்டார்கள்,
யாருக்கும் நினைவில்லை.
வில்னிஸ் மட்டும் அடித்துச் சொன்னான்:
வெள்ளரி, தன் பங்கு சுத்தமான வெள்ளரி.

மார்ச்சில் தயிர்க் கோப்பைகளில் மண் நிரப்பி
பாதி பாட்டிலை ஊன்றினேன்,
ரேடியேட்டருக்கு மேலே ஜன்னல் விளிம்பில்.
எட்டாம் நாள் கிளம்பிவிட்டன.
எல்லாவற்றுக்கும் ஒரே முகம்:
இரண்டு விதையிலை, நடுவில் ஒன்றுமில்லை.
விளையும் பயிர் முளையிலே தெரியும் என்றவர்
முளையைக் குனிந்து பார்த்ததில்லை.
விதையிலை பொய் சொல்லாது.
எதையுமே சொல்லாது.

இருபத்தாறு வருடமாக
ஏறியவுடன் முகம் பார்த்தே சொல்லிவிடுகிறேன்,
இவரிடம் சீட்டு உண்டு,
இவர் ஜன்னலுக்கு வெளியே
எதையோ தொலைத்ததுபோல் நடிப்பவர்.
இங்கே அறுபத்தொரு பயணிகள்.
ஒருவரிடமும் சீட்டில்லை,
ஒருவருக்கும் வெட்கமுமில்லை.

ஏப்ரலில் சில வாய் திறந்தன.
விதையோட்டைத் தொப்பியாக மாட்டிக்கொண்டு வந்தது
சூரியகாந்தி, கேட்கவே வேண்டாம்.
ஒரு விதை ஊன்றிய இடத்தில்
நான்கு பேர் முண்டியடித்தால் பீட்ரூட்.
மயிரிழை இலையைக் கிள்ளி முகர்ந்தேன்:
சதகுப்பை.
இன்னும் வராத ஜூலையின் ஊறுகாய் ஜாடி
அந்த ஒரு கிள்ளலில்.
வட்ட இலைக்காரியின் பெயர்
நாக்கு நுனியில் நின்று வர மறுத்தது.
இலையைத் தின்றேன். காரத்தோடு வந்தது:
நாஸ்டர்ஷியம்.

வெள்ளரி ஒன்றுகூட இல்லை.
வில்னிஸ் பூசணியைக் காட்டி "இதோ!" என்றான்.
விட்டுவிட்டேன்.

மே மாதம், ஆற்றின் நடுத் தீவில்
என் தோட்டத் துண்டுக்குக் குடிபெயர்த்தேன்.
பக்கத்துத் துண்டு மைகோனிஸ்
வேலிமேல் தாடையை வைத்துக்கொண்டு
"அது களை, பிடுங்கு" என்றார்.
பிடுங்கினேன்.
வேர் நூலாகத்தான் இருந்தது,
ஆனால் காரட்டாக மணத்தது.
அவர் தன் பூண்டுப் பாத்திக்கு
அவசரமாகத் திரும்பிவிட்டார்.

ஒன்று மட்டும் பிடிகொடுக்கவில்லை.
மூன்று விரல் இலை,
தண்டில் பூனைமீசை ரோமம்,
கிள்ளினால் மணமில்லை, கடித்தால் லேசாகக் கசப்பு.
ஜூன் போயிற்று, ஆகஸ்ட் போயிற்று,
பூ இல்லை, மொட்டு இல்லை,
இலைமேல் இலை அடுக்கிக்கொண்டு
இடுப்பளவு நின்றது.
படமெடுத்துப் பணிமனையில் எல்லோருக்கும் காட்டினேன்.
எனதில்லை, எனதில்லை, எனதில்லை.
வசந்தத்தில் டப்ளின் போய்
அங்கே கிடங்கில் பெட்டி அடுக்கும் ஆர்னிஸுக்கு
கடைசியாக அனுப்பினேன்.
கட்டைவிரல் ஒன்று வந்தது பதிலாக.
ஆமாம் என்றா, அழகு என்றா,
நலமாக இருக்கிறேன் என்றா?

அந்த வாரம் ஏழாம் எண் டிராமில்
ஒரு பெண் எல்லாப் பைகளையும் தடவிப் பார்த்தாள்.
பள்ளிக்கூட வயது.
செடியை நினைத்துக்கொண்டேதான் அபராதம் எழுதினேன்.
கையெழுத்து மாறவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரே இரவு உறைபனி.
காலையில் போனபோது
கொதிநீர் ஊற்றியதுபோல் கறுத்துத் தொங்கியது.
அடியில் நான் செருகிய ஐஸ் குச்சி,
பெயருக்காக விட்டுவைத்த வெற்றிடத்தோடு.
பென்சிலை எச்சில் தொட்டு எழுதினேன்
ஏறிய தேதி,
இறங்கிய தேதி.

குச்சியைப் பிடுங்கவில்லை.
போன ஞாயிறு பனியை ஒதுக்கிக்கொண்டே
மைகோனிஸ் வேலிமேல் எட்டிப் பார்த்தார்:
"அங்கே என்ன விதைத்திருக்கிறாய்?"